பெயர் தெரியாத மாத்திரை

போன மாதம் ஃபரீடா போன் செய்தாள். ஈப்போவில் நான் மனநல வார்டில் நர்சாக இருந்த கடைசி வருடங்களில் புதிதாக வந்து சேர்ந்த மலாய்க்காரப் பெண். இப்போது அதே வார்டுக்கு அவள்தான் தலைமை சிஸ்டர். வேப் என்கிற மின்சிகரெட்டைப் புகைத்துவிட்டுப் புத்தி தடுமாறி வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம். ஒருவன் சுவரோடு பேசுகிறான், இன்னொருவன் யாரோ துரத்துகிறார்கள் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்று வருகிறது. அந்தத் திரவத்தில் என்ன கலந்திருந்தது என்று புகைத்தவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

"சோதனையில் ஒன்றும் வராவிட்டால் எங்கள் இளம் நர்சுகளுக்குக் கை ஓடுவதில்லை மிஸ்ஸி. நீங்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள்? ஒரு நாள் வந்து பேசுங்கள்" என்றாள். எங்கள் ஊரில் நர்சை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

போய்ப் பேசினேன். பேச்சு முடிந்ததும், சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். மலாயில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழில் பேசியவர்கள். அவர்கள் பேசியது பேசியபடி இருக்கட்டும் என்று இங்கே மறுபடியும் எழுதுகிறேன். நோயாளிகளின் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் கோப்பெங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் வடித்தார்; அம்மா களை எடுத்தார். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்து, தாதியர் பயிற்சிக்குப் போய், ஊசி போடவும் புண் கழுவவும் கற்றுக்கொண்டு, சில வருடம் பொது வார்டில் ஓடி ஓடி வேலை செய்தேன். பிறகு மனநலப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கினேன். "பைத்தியக்கார வார்டுக்கா போற? உன்ன எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுதார். கட்டிக்கொள்ள ஒருவர் வந்தார். அது வேறு கதை.

அந்த வார்டு பழைய கட்டடம். கண்ணாடிப் பட்டைகள் வைத்த நீள நீளச் சன்னல்கள். அவற்றைத் திறந்தால் தூரத்தில் சுண்ணாம்புக் குன்று வெள்ளையும் பச்சையுமாகத் தெரியும். காலை வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் பின்கட்டுச் சமையலறையில் நாங்கள் நர்சுகள் நின்றபடியே கோப்பி குடிப்போம். யாராவது நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வந்திருப்பார்கள். சீனத்தி, மலாய்க்காரி, தமிழச்சி எல்லாரும் ஒரே பொட்டலத்தில் கை வைப்போம். பக்கத்து அறையில் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அது எங்களுக்குப் பழகிப்போன சத்தம். இன்றைக்கும் வீட்டில் தனியாகக் கோப்பி கலக்கும்போது, பக்கத்து அறை இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று தோன்றும்.

எங்களுக்குத் தலைவர் டாக்டர் சபாநாதன். தைப்பிங்கில் பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் பேசுவார். தமிழ் என்று வந்தால் வீட்டில் பேசிய சிலோன் தமிழ்தான். எங்களுக்கு ஆரம்பத்தில் பாதி புரியாது. "நித்திரை கொண்டனீங்களோ?" என்று அவர் கேட்டால் தோட்டத்துக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். "தூங்குனீங்களான்னு கேக்குறாரு" என்று நான் சொல்வேன்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெள்ளைக் கோட்டைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டுவார். ஒரு குட்டை முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போவார். நோயாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தால் இவர் தலை அவர் தலைக்குக் கீழே இருக்கும். ஆள் தரையில் உட்கார்ந்திருந்தால் முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்துவிடுவார். "என்ன எடுத்தாய்?" என்று முதலில் கேட்கவே மாட்டார். தூங்கினாயா, சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, ஒன்றுக்குப் போனாயா. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பதில் வராவிட்டாலும் அவர் கை சும்மா இருக்காது. கண்மணி விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். நாடி பிடிப்பார். வயிற்றில் காது வைத்துக் கேட்பார். அடிவயிற்றை மெல்ல அமுக்கிப் பார்ப்பார்.

"வாய் சொல்லாட்டிப் பரவாயில்லைப் பிள்ளை. கமக்கட்டைத் தொட்டுப் பாருங்கோ" என்றார் ஒரு நாள் என்னிடம்.

கமக்கட்டு என்றால் அக்குள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கண்மணி விரிந்து, அக்குளும் நனைந்து, நாடி ஓட்டமாக ஓடினால் உள்ளே போனது ஒரு வகை. கண்மணி விரிந்து, அக்குள் காய்ந்து, உடம்பு நெருப்பாகச் சுட்டால் வேறு வகை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சு குறைந்தால் இன்னொரு வகை. பொருளின் பெயர் தெரியாவிட்டாலும் எந்த வகை என்று தெரிந்தால் உயிரைக் காப்பாற்றிவிடலாம்.

அவரிடம் இருந்த இன்னொரு பழக்கம் இளம் டாக்டர்களுக்குப் பிடிக்காது. சந்தேகமாக இருக்கும் இடத்தில் அவர்கள் ஏதாவது ஒரு பெயரை எழுதிவிடுவார்கள். இவர் அதை அடிப்பார். "தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுங்கோ. நோய்ப் பேருகள் இருக்கிற புத்தகத்திலை அதுக்கெண்டே ஒரு இடம் வைச்சிருக்கினம். இன்னதெண்டு தெரியாத பொருளாலை வந்த குழப்பம். அப்பிடி எழுதுறதிலை ஒரு வெட்கமும் இல்லை." ஒருமுறை எழுதிய பெயர் அந்த மனிதரோடு எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும், வேலை கேட்கும் இடத்துக்கும் போகும், கல்யாணம் பேசும் வீட்டுக்கும் போகும் என்பது அவர் கவலை.

அக்குள் காய்ந்த வகைக்கு ஒருவரைச் சொல்கிறேன். அவர் பெயர் அங்கமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டிய பெரியவர். மூச்சிழுப்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன இலையைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். என்ன இலை என்று மகளுக்குத் தெரியவில்லை. மிச்சத்தையும் கொட்டிவிட்டார்கள். ஆள் வந்தபோது உடம்பு அடுப்பாகச் சுட்டது, நாக்கு உலர்ந்த தோல் மாதிரி இருந்தது, அடிவயிறு உப்பியிருந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டு, நரம்பில் சலைன் ஏற்றினோம். அவரோ எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எழுந்துவிட்டார். கட்டில் கட்டிலாகப் போய், கட்டிலின் இரும்புக் காலருகே குனிந்து, வலது கையைச் சாய்வாக இழுத்து, இடது கையால் எதையோ திருப்பி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பிடிக்கப் போன அட்டெண்டெண்டைத் தள்ளிவிட்டார்.

டாக்டர் அட்டெண்டெண்டைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது என்ன வேலை எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"பால் வெட்டுறாரு டாக்டர். மங்க நிமித்தி வச்சிட்டு அடுத்த மரத்துக்குப் போறாரு." மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம்.

"அப்ப அவரை வேலையாலை நிப்பாட்ட என்ன சொல்ல வேணும்?"

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குந்தினேன். "ஐயா, பசியாற நேரமாச்சி. பசியாறிட்டு மிச்சத்த வெட்டலாம் வாங்க."

அவர் கையில் இல்லாத கத்தியைப் பத்திரமாகக் கட்டில் மேல் வைத்தார். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து எத்தனை கெஞ்சியும் ஒரு வாய் குடிக்காதவர், குவளையை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். "இன்னிக்கி பால் நல்லா வடியுதும்மா" என்றார். டாக்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அப்படியே அவர் நாடியைப் பிடித்துக்கொண்டார்.

தெளிந்து வீட்டுக்குப் போகும்போது அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. அவர் வெட்டிய தோட்டமும் கொஞ்ச நாளில் விற்றுப்போய், கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையை நட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது தேவகியைப் பற்றி. ஃபரீடாவின் இளம் நர்சுகளிடம் பேசியபோதும் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

தேவகிக்கு அப்போது முப்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவன் குணா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். பழைய தோட்டத்து லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் இடிக்காமல் விட்டிருந்த சில வீடுகளில் அவர்கள் வீடும் ஒன்று. அவள் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தோட்டத்து ஆட்கள் அதைக் கிலாங் என்பார்கள். கிலாங் பஸ் லயத்துக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் காலை கொண்டுவந்து விடும்.

குணாவும் அவன் அக்கா பார்வதியும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் இரண்டு கைகளும் முழங்கைவரை கீறிக் கிழிந்திருந்தன. நெற்றியில் திருநீறு, முடியில் வேப்பிலைக் கொழுந்து. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

"மிஸ்ஸி, காத்து கருப்பெல்லாம் இல்லலா. சாமிகிட்டயும் பாத்தாச்சி. இது பைத்தியந்தான், டாக்டர ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. புள்ளைங்கள நான் பாகான் செராய்ல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார் பார்வதி.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றான் குணா.

"எப்படிடா சும்மா இருப்பேன்? அந்தச் சின்னக் குட்டி கையப் பாத்தியா நீ?"

தேவகி துணி தேய்க்கும் பிரஷை எடுத்துச் சின்ன மகளின் கையைத் தோல் உரியத் தேய்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் ஓடி வந்து பிடுங்கியிருக்கிறார்கள். அவளிடம் ஏன் என்று கேட்டேன். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே, என் காதருகே வந்து சொன்னாள்.

"கம்பி மிஸ்ஸி. கிலாங்ல பூதக்கண்ணாடியில பாப்போமே, முடிய விட மெல்லிசா, அது. என் தோலுக்குள்ள ஓடுது. இப்ப கண்ணாடி இல்லாமயே எனக்குத் தெரியுது. புள்ள கைக்கும் போயிருச்சி. எடுக்கலன்னா நெஞ்சுக்குப் போயிரும்ல?"

அவள் கண்ணில் வெறி இல்லை. பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கிற பயம்தான் இருந்தது. எனக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்த காலம் அது.

சிறுநீர்ச் சோதனை செய்தோம். வழக்கமான போதைப்பொருள் எதுவும் இல்லை என்று வந்தது. வார்டில் இருந்த இளம் டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். போதை இல்லையென்றால் மனச்சிதைவு நோய்தான் என்று எழுத ஆரம்பித்தார். டாக்டர் சபாநாதன் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, முக்காலியைப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். நானும் கூடவே நின்றேன். கண்மணி இரண்டும் விரிந்திருந்தன. ரவிக்கையின் அக்குள் தொப்பலாக நனைந்திருந்தது. நாடி ஓடிய ஓட்டத்தை எண்ணவே சிரமமாக இருந்தது. வளையல் முழங்கைவரை ஏறும் அளவுக்கு மெலிந்திருந்தாள்.

"நீங்கள் எப்ப கடைசியாய் நித்திரை கொண்டனீங்கள்?"

நான் மாற்றிச் சொல்வதற்குள் அவளே, "தூக்கமா? அது எதுக்கு?" என்றாள்.

வெளியே வந்து இளம் டாக்டரிடம், "எழுதினதை வெட்டுங்கோ. தெரியாத பொருள் எண்டு போடுங்கோ. பொறுத்துப் பாப்பம்" என்றார்.

"சோதனையில் ஒன்றும் இல்லையே டாக்டர்?"

"அந்தச் சோதனைக்குத் தெரிஞ்சது கொஞ்சம் சாமான் மட்டுந்தான். அதுக்கு வெளியிலை எவ்வளவோ கிடக்குது."

வெளிச்சம் குறைந்த அறையில் அவளைப் படுக்கவைத்தோம். ஒரே நர்ஸ்தான் போய் வர வேண்டும், முகம் மாறக் கூடாது, மெல்லப் பேச வேண்டும், தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த நர்ஸ் நான்தான். தூக்கத்துக்குக் கொஞ்சம் மருந்து, உடம்புக்கு நீர், கைப் புண்ணுக்குக் கட்டு. "இப்ப கைய எடுக்குறேன் தேவகி. இப்ப துணி சுத்துறேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்வேன். தூங்கினாள். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினாள்.

ஒரு காலை அவள் தானாகவே எழுந்து சன்னலருகே உட்கார்ந்திருந்தாள். முடி சடை பிடித்துக் கிடந்தது. "தல வாரி விடவா?" என்றேன். தலையாட்டினாள். எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தேன்.

அவளிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தோம். "டாடா எடுத்தியா?" மலாயில் போதைப்பொருளுக்கு டாடா என்பார்கள். புருஷன் கேட்டான், ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் கேட்டார், நானும் கேட்டேன். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து இல்லை என்றாள். அன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நைட் வேலையிலை கண் சொக்கினா என்ன செய்வினம் எண்டு கேளுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நைட் ஷிப்டுல தூக்கம் வராதா தேவகி?"

"வராம? நாலு மணிக்கெல்லாம் தல அப்படியே கண்ணாடியில முட்டும் மிஸ்ஸி."

"அப்புறம் எப்படிச் சமாளிப்ப?"

"ஊபாட் போடுவோம்ல."

ஊபாட் என்றால் மருந்து. நான் சீப்பை நிறுத்தவில்லை. "யாரு குடுப்பா?"

"எங்க இந்திராணி அக்கா. பாசார் மாலாம்ல வாங்கிட்டு வருவாங்க." தெருவோர இரவுச் சந்தையைச் சொன்னாள். "ஒடம்புக்கு நல்லதாம், எளைக்கவும் செய்யுமாம். மொதல்ல பாதி போட்டேன். அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஒண்ணு போட்டாலும் கண்ணு சொக்குச்சி." திரும்பி என்னைப் பார்த்தாள். "அது ஊபாட்தானே மிஸ்ஸி? டாடா இல்லல்ல?"

அவள் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. கடைசிவரை அவளைப் பொறுத்தமட்டில் அது மருந்துதான்.

நான் போய்ச் சொன்னதும் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "அப்ப அந்த பஸ்ஸிலை இன்னும் எத்தினை பேர் இருக்கினம்?" என்றார்.

கிலாங் விடுமுறை நாளாகப் பார்த்து டாக்டரும் நானும் அவர் காரில் தேவகியின் லயத்துக்குப் போனோம். அந்தச் சிவப்பு மண்பாதை, நான் வளர்ந்த கித்தாக்காட்டுப் பாதை போலவே இருந்தது. மரங்கள்தான் வேறு. கித்தா மரத்து நிழல் மெல்லியது, வெயில் இலை இலையாக இறங்கும். செம்பனைக்கு அடியில் பகலிலும் இருட்டு. கித்தாப்பால் அளந்த கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். ஆனால் கோயிலுக்கு எதிரே பெரட்டுக் களம் அப்படியே இருந்தது. ஒரு காலத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடம். இப்போது கிலாங் பஸ் வந்து நிற்பது அங்கேதான்.

பெண்கள் வந்து நின்றார்கள். தேவகிக்கு நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊபாட் என்ற பேச்சை எடுத்ததும், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மிஸ்ஸி" என்று ஒதுங்கினார்கள். வேலை போய்விடும் என்ற பயம்.

டாக்டர் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டார். "நான் போலீசும் இல்லை, கிலாங் ஆளும் இல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்களிலை ஆருக்கு நித்திரை வருகுதில்லை?"

"நித்திரையாம்!" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஒருத்தி, "எனக்கு வர்றதில்ல டாக்டர்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். இன்னொருத்தி, ஓய்வு நாளிலும் பஸ் ஹார்ன் கேட்டு வாசலுக்கு ஓடுகிறேன் என்றாள். வீட்டுக்குள் போய் மைலோ டின்னிலும் முந்தானை முடிச்சிலும் இருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மண் நிறத்தில், எழுத்து ஒன்றும் இல்லாத மாத்திரைகள்.

இந்திராணி மட்டும் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பதைத் தாண்டிய, உயரமான பெண். கணவர் இறந்த பிறகு அந்தப் பஸ்ஸில் முதலில் ஏறியவர் அவர்தான். மற்றவர்களை ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே.

"நான் ஒண்ணும் யாவாரம் பண்ணல. எனக்கு வாங்குறப்ப அவளுங்களுக்கும் வாங்குவேன். தூங்கி விழுந்து வேல போயிட்டா எவ சோறு போடுவா?" என்றார் என்னிடம்.

பேசும்போது அவர் தலை அடிக்கடி செம்பனைக் காட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. நான் கிட்டே போய் மெதுவாகக் கேட்டேன். "யாருக்கா கூப்பிடுறாங்க?"

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "ஒங்களுக்கும் கேக்குதா மிஸ்ஸி?"

எத்தனை மாதமாக அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுந்து வந்தார். "வாங்கோ, எங்களோடை காரிலை வாங்கோ. இருந்து ஆறுதலாய்க் கதைப்பம்" என்றார். இந்திராணி வந்து ஏறிக்கொண்டார்.

மாத்திரைகளை முறைப்படி ஆய்வுக்கு அனுப்பினோம். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. கோப்பியில் இருக்கும் பொருள் கொஞ்சம் இருக்கிறது, மற்றது தங்களிடம் இருக்கும் எதோடும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். பாசார் மாலாமில் விற்ற ஆளை போலீஸ் தேடியது. அந்தக் கடை அதற்குள் அங்கே இல்லை. ஃபரீடாவின் நர்சுகள் இந்த இடத்தில் என்னை விடவில்லை. "கடைசியில் அது என்னதான் மிஸ்ஸி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

தேவகிக்கு நாளாக ஆகக் கம்பிகள் மறைந்தன. முதலில் பிள்ளை கையில் இல்லை என்றாள். பிறகு தன் இடது கையில் மட்டும் என்றாள். பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதயெல்லாம் நானா செஞ்சேன்?" என்று அழுதாள்.

டாக்டர் குணாவையும் பார்வதியையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். குளிசை என்றால் அவர் தமிழில் மாத்திரை. "உள்ளுக்குப் போனது வெளியிலை போகுது. திரும்ப ஒருநாளும் வராது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா அந்தக் குளிசையைத் தொடாட்டி அவ சுகமாய் இருப்பா எண்டு நம்புறன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாங்கள் பக்கத்திலை இருக்கிறம்."

"என் தம்பி புள்ளைங்க டாக்டர். எனக்குப் பயமா இருக்கு" என்றார் பார்வதி.

"பயப்பிடுறது சரி. பயத்தோடையே கூட்டிக்கொண்டு வாங்கோ."

வார்டுக்குப் பின்னால் புல்தரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. தேவகி அங்கே உட்கார்ந்திருந்தாள். பெரியவன் ஓடி வந்து மடியில் விழுந்தான். சின்னவள் தூரத்திலேயே நின்று, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தேவகி அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா தொட மாட்டேன்டா. நீ அங்கயே நில்லு. கை வலிக்குதா?"

பெரியவன் பள்ளிக்கூடக் கதை சொன்னான். தேவகி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் சின்னவள் மேல். கொஞ்சம் கொஞ்சமாக அது நகர்ந்து வந்தது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தது. பிறகு தன் கையை முன்னால் நீட்டி, "காஞ்சிருச்சி" என்றது.

"ஊதி விடவா?"

தலையாட்டியது. தேவகி கையை எடுக்காமல் குனிந்து மட்டும் ஊதினாள். அப்புறம் அந்தப் பிள்ளையே ஏறி அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. குணா குன்றைப் பார்க்கிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டான். பார்வதி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது என்னிடம் வந்து, "புள்ளைங்க துணிமணிய இன்னும் மூட்ட கட்டல மிஸ்ஸி. இருக்கட்டும், நானே கொஞ்ச நாளு இங்க வந்து தங்கிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடியே வந்து தங்கினார்.

தேவகி பிறகு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பகல் வேலைக்குப் போனாள். கம்பிகள் திரும்பி வரவேயில்லை. அவள் விஷயத்தில் தெரியாத பொருள் என்று எழுதியது எழுதியபடியே இருந்தது.

இந்திராணிக்கு அப்படி அமையவில்லை. அதே மாத்திரைதான். நிறுத்தி மாதக்கணக்கில் ஆன பிறகும் குரல்கள் போகவில்லை. டாக்டர் பொறுத்துப் பார்த்தார். அவருக்கும் தெரியாத பொருள் என்றே எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, புதிதாகப் பரிசோதித்துக் காத்திருந்தார். ஒரு வருடம்போல ஆனதும் அதை அடித்துவிட்டு, மனச்சிதைவு நோய் என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். "அவவுக்கு வர இருந்ததை அந்தக் குளிசை இழுத்து விட்டுதோ, இல்லாட்டி அதுதான் உண்டாக்கினதோ. தெரியேல்லைப் பிள்ளை" என்றார். பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தைப்பிங்குக்குப் போன பிறகும், எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் இந்திராணி எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பார். டாக்டர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

இந்திராணியை மாதா மாதம் கிளினிக்குக்குக் கூட்டி வந்தது தேவகி. தன் மோட்டார் சைக்கிளில், பின்னால் உட்காரவைத்து. மருந்து தீர்ந்தால் வாங்கிக் கொடுப்பாள், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். ஒருமுறை பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "ஒனக்கு அந்த மாத்தரயக் குடுத்தவங்க இவங்கதானே தேவகி. கோவமே வரலியா?"

"நான் தூங்கி விழுந்துறக் கூடாதுன்னுதானே மிஸ்ஸி குடுத்தாங்க. அவங்க வீட்டுல அவங்கள பாக்க யாரு இருக்கா?"

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு இருவரும் வந்திருந்தார்கள். இந்திராணிக்கு முடி நன்றாக நரைத்துவிட்டது. குரல்கள் முழுசாகப் போகாவிட்டாலும், மருந்தில் அடங்கி, முன்பு போல மிரட்டுவதில்லை. ஊசி போட்டு முடித்து, கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார்.

"இன்னிக்கி என்ன சொல்லுதுக்கா?" என்றாள் தேவகி, பக்கத்து வீட்டு நலம் விசாரிப்பது போல.

"மழ வருதாம். கொடியில போட்ட துணிய எடுக்கச் சொல்லுது."

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். குன்று மேல் சுள்ளென்று வெயில். தேவகியும் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பிறகு எழுந்து ஹெல்மெட்டை எடுத்து இந்திராணியின் தலையில் வைத்து, தாடையில் வாரை மாட்டிவிட்டாள்.

"அப்ப வாங்கக்கா, சீக்கிரம் போலாம். என் துணியுந்தான் வெளிய கெடக்கு."

அவர்கள் வீடு போய்ச் சேரும் நேரம்தான் இருக்கும். குன்று மறைந்து, சன்னல் கண்ணாடிகளில் மழை சடசடவென்று அடித்தது. நாங்கள் ஓடி ஓடி ஒவ்வொரு சன்னலாக மூடினோம். துணியை எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.